பிள்ளை பிறக்கும் வீடு

கிழக்கிலங்கையின் கரையோரத்திலே, கல்முனை தொடக்கம் அக்கரைப்பற்று, பொத்துவில் வரையுள்ள ஊர்களில், பெண்ணொருத்தி மணம் முடித்தால் பிறந்தகம் விட்டுப் புகுந்தகம் போவதில்லை. மாப்பிள்ளையே பெண்ணின் வீட்டுக்கு வருகின்றான். மகளுக்கென்று பெற்றோர் வீடு கட்டிக் கொடுப்பதும், தாய் வழியாகக் குடி எண்ணுவதும் இப்பகுதி முஸ்லிம்களுக்கும் தமிழர்களுக்கும் பொதுவான வழக்கங்கள். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1969ஆம் ஆண்டு முதல் அக்கரைப்பற்றில் தங்கி இவ்வழக்கங்களை ஆராய்ந்து, 2008ஆம் ஆண்டில் பெரியதொரு நூலாக வெளியிட்டார். அதற்கு முன்னரே, 1982ஆம் ஆண்டில், இவ்வூர் மக்கள் கருவுறுதல், பிள்ளைப்பேறு என்பன பற்றிக் கொண்டுள்ள எண்ணங்களை அவர் ஒரு கட்டுரையில் எழுதியிருந்தார்.

பிற இடங்களில் முதற் பிள்ளைப்பேற்றுக்காக மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்து வரும் சடங்கு உண்டு. அக்கரைப்பற்றிலே அழைத்து வர வேண்டிய தேவை இல்லை. அவள் இருப்பதே தாய்வீடு, அல்லது தாய்வீட்டுக்கு அடுத்த வளவு. கருவுற்றவளுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை. எனினும், அதே காரணத்தால், அவளுக்கு மட்டும் அறிவுரை கூறிப் பயனில்லை. எப்போது கிளினிக்குக்குப் போவது, எதை உண்பது, எதை விலக்குவது, நள்ளிரவில் வண்டி பிடிப்பதா விடியும் வரை பார்ப்பதா என்பவற்றை அவள் தனியே முடிவு செய்வதில்லை. உம்மாவும் மூத்தம்மாவும் ராத்தாவும் அயல் வீட்டு மாமியும் கூடி முடிவு செய்கின்றனர். மாப்பிள்ளையோ, வந்த வீட்டில் அதிகம் வாய் திறப்பது மரியாதையன்று என எண்ணி விறாந்தையில் இருந்து விடுகின்றான். ஆதலின் இப்பேச்சு அந்த முழு வீட்டையும் நோக்கியது. விறாந்தையில் இருப்பவரையும் சேர்த்தே.

1930ஆம் ஆண்டளவில் இலங்கையிலே ஏறத்தாழ ஐம்பது பிரசவங்களுக்கு ஒரு தாய் உயிரிழந்தாள். ஒரு தெருவில் ஐம்பது வீடுகள் இருந்தால், அவற்றுள் ஒரு வீட்டில் தாயில்லாப் பிள்ளை வளர்ந்தது என்று எண்ணிப் பார்த்தால் அக்கணக்கின் கொடுமை விளங்கும். அண்மைக் காலத்தில் இந்நிலை ஏறத்தாழ மூவாயிரம் பிரசவங்களுக்கு ஒரு தாய் என்ற அளவுக்கு வந்துள்ளது. 1926ஆம் ஆண்டில் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி அமைக்கப்பட்டதும், அதனைப் பின்பற்றி நாடெங்கும் பயிற்சி பெற்ற மருத்துவ மாதர் வீடு வீடாகச் செல்லத் தொடங்கியதும், இலவச வைத்தியசாலைகள் பெருகியதும், பெண் பிள்ளைகள் பாடசாலை சென்றதும் இம்மாற்றத்தின் காரணங்கள். இன்று நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் வைத்தியசாலைகளிலேயே பிறக்கின்றன. ஆனால் வைத்தியசாலையில் தாய் தங்குவது சில நாட்களே. அதற்கு முந்திய ஒன்பது மாதங்களும் பிந்திய ஐந்து ஆண்டுகளும் வீட்டிலே கழிகின்றன.

முதலில் செய்ய வேண்டியது கருவுற்ற செய்தியை மறைக்காதிருத்தல். மூன்று மாதம் முடியும்வரை பிறருக்குச் சொல்லலாகாது, கண்ணூறு பட்டுவிடும் என்ற எண்ணம் பல வீடுகளில் உண்டு. ஊருக்குச் சொல்லாதிருப்பதில் கேடில்லை. மருத்துவ மாதுக்குச் சொல்லாதிருப்பதே கேடு. எட்டு வாரங்களுக்குள் அவரிடம் பதிவு செய்தல் வேண்டும். கருவில் உறுப்புக்கள் உருவாவது அம்முதல் வாரங்களிலேதான். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் பழுதின்றி அமைவதற்கு உதவும் போலிக் அமில மாத்திரையைக் கருவுறுவதற்கு முன்னரே தொடங்குவது மிக நன்று. திருமணமான கையோடு மருத்துவ மாதைக் கண்டு பேசும் தம்பதியர் இவ்வகையில் முந்திக் கொள்கின்றனர். ஜேர்மன் சின்னமுத்துத் தடுப்பூசி பெறாத பெண் அதனையும் கருவுறுமுன்னரே பெற்று, ஒரு மாதம் சென்ற பின்னரே கருவுறுதல் வேண்டும். கருவுற்ற பின் அந்த ஊசி போடுவதில்லை. மச்சான் முறையில் உறவுக்குள் மணம் செய்வது இப்பகுதியில் விரும்பப்படுவது. அத்தகைய வீடுகளில் பரம்பரை நோயோ காரணம் தெரியாத சிசு மரணமோ இருந்திருப்பின் அதனை வெட்கப்படாது வைத்தியரிடம் கூற வேண்டும். தலசீமியா என்னும் குருதி நோயைக் கடத்துபவர் யார் என்பது ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

மருத்துவ மாது என்பவர் அரசாங்கம் அனுப்பும் கணக்கெடுப்பாளர் அல்லர். ஏறத்தாழ மூவாயிரம் மக்களுக்கு ஒருவர் என்ற அளவில் நியமிக்கப்பட்டு, ஒவ்வொரு கர்ப்பவதியின் வீட்டுக்கும் தேடி வருபவர். அவர் வரும்போது பாய் விரித்துத் தேநீர் கொடுத்து அனுப்பி விடுவது உபசாரம். ஆனால் அவர் கேட்கும் கேள்விகளுக்கு மூத்தம்மாவே விடை சொல்லி முடித்து விடுவது உபசாரமன்று. கர்ப்பவதி அவருடன் சிறிது நேரம் தனியாகப் பேச வழி செய்ய வேண்டும். அவர் வழங்கும் கர்ப்பவதிப் பதிவட்டையில் நிறை, குருதி அழுத்தம், குருதி வகை, சலப் பரிசோதனை, சீனி அளவு யாவும் குறிக்கப்படும். அந்த அட்டை எங்கே இருக்கிறது என்பது வீட்டில் உள்ள வளர்ந்தவர் அனைவருக்கும் தெரிந்திருத்தல் வேண்டும். ஏற்புவலித் தடுப்பூசி எத்தனை தேவை என்பதைத் தீர்மானிக்கப் பழைய தடுப்பூசி அட்டையும் உதவும்.

உணவைப் பற்றிச் சொல்லும்போது சூடு, குளிர்ச்சி என்னும் கணக்கைத் தவிர்க்க முடியாது. மக்கில்வ்ரே தம் கட்டுரையில் விரிவாகப் பேசியதும் இவ்வெண்ணங்களைத்தான். இக்கணக்கு முழுவதும் தவறு என்று தள்ளி விடுதல் அறிவுடைமையாகாது. காயான பப்பாசியை விலக்குமாறு இன்றைய வைத்தியரும் கூறுவர். ஆனால் அதே கணக்கைக் கொண்டு பழுத்த பப்பாசி, அன்னாசி, முட்டை, சில மீன்கள், சில கீரைகள் என ஒவ்வொன்றாக விலக்கிக் கொண்டே போனால், கடைசியில் கருவுற்றவளின் பீங்கானில் சோறும் ஒரு குழம்பும் மட்டுமே மிஞ்சும். கடலும் வயலும் வாவியும் சூழ்ந்த ஊரில் இது பெரிய கொடுமை. சூடை, நெத்தலி, கீரி முதலிய சிறு மீன்கள், முட்டை, பருப்பு, பாசிப்பயறு, முருங்கை இலை, பொன்னாங்காணி, வல்லாரை, எருமைத் தயிர் ஆகியவை சந்தையிலும் வேலியோரத்திலும் கிடைப்பவை. மிகப் பெரிய கடல் மீன்களில் பாதரசம் சேரக்கூடுமாதலால் சிறு மீன்களே கர்ப்பவதிக்கு ஏற்றவை, மலிவானவையும் அவையே. கிளினிக்கில் திரிபோஷா கொடுக்கப்பட்டால் அது அவளுக்குரியது. வீட்டிலுள்ள பிள்ளைகள் யாவருக்கும் பங்கிட்டால் ஒருவருக்கும் பயன்படாது.

தேநீரைப் பற்றியும் ஒரு சொல். அக்கரைப்பற்றில் தேநீரின்றி ஒரு வேலையும் ஆரம்பிப்பதில்லை. ஆனால் உணவோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் தேநீர் பருகினால், அச்சத்தை உடல் ஏற்பது மிகவும் குறைந்துவிடும். உணவுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது செல்லட்டும். இரும்புச்சத்து மாத்திரையையும் கல்சியம் மாத்திரையையும் ஒருங்கே விழுங்கலாகாது. மாத்திரை குமட்டுகிறது, மலம் கறுக்கிறது என்று யன்னல் வழியே எறிந்துவிடும் பெண்கள் உண்டு. மலம் கறுப்பது இரும்பின் நிறமே, அஞ்ச வேண்டியதில்லை. இரத்தம் குறைந்த உடல் பிரசவத்தின் போது சிறிதளவு குருதி இழப்பையும் தாங்காது என்பதை நினைத்தால் அந்தக் குமட்டல் பெரிதாகத் தோன்றாது.

ரமழான் மாதத்தில் வீடு முழுவதும் நோன்பிருக்கும்போது தான் மட்டும் உண்பதற்குக் கர்ப்பவதி கூசுவாள். தனக்கோ பிள்ளைக்கோ தீங்கு நேருமென அஞ்சும் கர்ப்பவதிக்கும் பாலூட்டும் தாய்க்கும் மார்க்கம் சலுகை அளித்துள்ளது. விட்ட நோன்பை எவ்வாறு நிறைவேற்றுவது என்பதை ஆலிம்களிடம் கேட்டறியலாம். தன் உடல் நிலை நோன்புக்கு ஏற்றதா என்பதை வைத்தியரிடம் கேட்டறிய வேண்டும். சலரோகமோ உயர் குருதி அழுத்தமோ உள்ளவள் கேளாமல் நோற்பது ஆபத்தானது. அவள் உண்ணும்போது கூட ஒருவர் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தாலே அந்தக் கூச்சம் பாதி தீரும்.

இனி, இப்பேச்சின் உயிரான பகுதி. இலங்கையில் இன்னும் நிகழும் தாய் மரணங்களுக்குப் பிரசவத்தை ஒட்டிய குருதிப்போக்கும், உயர் குருதி அழுத்தமும் அதனால் வரும் வலிப்பும், முன்பே இருந்த இருதய நோயும் முக்கிய காரணங்கள். இவற்றுட் பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஆனால் நேரம் குறைவு. பிரசவத்தின் பின் பெருகும் குருதி இரண்டு மணி நேரத்துக்குள் உயிரைக் கொண்டுபோக வல்லது. ஆகவே பின்வரும் அறிகுறிகளுள் ஒன்று கண்டாலும் ஆலோசனை கூட்டிக் கொண்டிராது புறப்பட வேண்டும். எத்தனை சிறிதாயினும் குருதி படுதல், நீங்காத கடுந் தலையிடி, கண் மங்குதல், முகமும் கைகளும் திடீரென வீங்குதல், மேல் வயிற்றில் கடும் வலி, காய்ச்சல், நாள் வருமுன் நீர் உடைதல், மூச்சு முட்டுதல், வலிப்பு, வயிற்றுப் பிள்ளையின் அசைவு குறைதல். கடைசியாகக் கூறியதைப் பெரியோர் பலர் ‘பிள்ளை உறங்குகிறது’ என்று சொல்லி விடுவர். அசைவு குறைந்ததெனத் தாய்க்குத் தோன்றினால் அவள் தோற்றத்தையே சான்றாகக் கொள்ள வேண்டும். அடுத்த நாள் வரை காத்திருத்தல் ஆகாது.

இரவில் தலையிடி என்று எழுந்த பெண்ணுக்குத் தைலம் தடவி, தண்ணீர் ஓதிக் கொடுத்து, சற்றுப் படுக்கச் சொல்வது அன்பினால் செய்வது. ஓதுவதை எவரும் தடுக்கவில்லை; வண்டியில் போகும்போதும் ஓதலாம். காத்திருப்பதால் கெடும் நேரத்தைத்தான் திரும்பப் பெற முடியாது. அக்கரைப்பற்றில் ஆதார வைத்தியசாலை உண்டு. கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் உள்ளன. அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் பெரிய வைத்தியசாலைகள் உள்ளன. சிக்கலான பேறாக இருக்கக் கூடுமெனக் கிளினிக்கில் முன்பே கூறியிருந்தால், எங்கே பிள்ளை பெறுவது என்பதை ஏழாம் மாதத்துக்குள் வைத்தியரோடு பேசித் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் வரும் ‘சுவசெரிய’ நோயாளர் வண்டிக்குக் கட்டணம் இல்லை. 2016ஆம் ஆண்டில் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய அச்சேவை பின்னர் கிழக்கு மாகாணத்துக்கும் வந்தது. அந்த இலக்கத்தைச் சுவரில் எழுதி ஒட்டுவதற்கு ஒரு கரித்துண்டு போதும்.

மாப்பிள்ளை விறாந்தையிலிருந்து எழ வேண்டிய இடமும் இதுவே. எட்டாம் மாதம் பிறக்குமுன் அவர் சில காரியங்களை முடித்திருக்க வேண்டும். இரவில் கூப்பிட்டால் வரக்கூடிய முச்சக்கரவண்டிக்காரர் இருவருடன் பேசி வைத்தல். கையில் சிறிது பணம் ஒதுக்கி வைத்தல். மூத்த பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்று ஒழுங்கு செய்தல். பதிவட்டை, அடையாள அட்டை, துணிமணி யாவும் ஒரு பையில் இருக்கிறதா என்று பார்த்தல். அறுவடைக் காலமாயின் அவர் வயல் வாடியிலே இரவு தங்குவார்; அப்போது வீட்டில் முடிவெடுக்கும் உரிமை யாருக்கு என்பதையும் முன்கூட்டியே சொல்லி வைத்தல் வேண்டும். ‘அவர் வரட்டும்’ என்று ஒரு வீடு காத்திருக்கக் கூடாது. வெளிநாட்டில் தொழில் செய்பவராயின் தொலைபேசியில் இதனை ஒருமுறை தெளிவாகக் கூறிவிடலாம்: ‘மாமி, ஏதாவது என்றால் என்னைக் கேட்க வேண்டாம், உடனே கொண்டு போங்கள்.’ பேறு கார்த்திகை, மார்கழி மாதங்களில் வருமாயின் மாரி வெள்ளத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். வயற்புறக் குடியிருப்புக்களின் பாதை நீரில் மூழ்குமெனில், நாள் நெருங்குமுன்னரே ஊருக்குள் உறவினர் வீட்டுக்கு வந்துவிடுதல் நன்று.

பிள்ளை பிறந்தது. இனி வீட்டின் கைகள் அனைத்தும் தொட்டிலை நோக்கி நீளும். முதற் கை தேனைக் கொண்டு வரும். பிறந்த சிசுவின் நாவில் இனிப்புத் தொட்டு வைப்பது பழைய வழக்கம். நல்லவர் ஒருவர் தொட்டால் பிள்ளையும் நல்லதாகும் என்பது நம்பிக்கை. ஆயினும் தேனில் உறங்கியிருக்கக் கூடிய ஒருவகைக் கிருமி, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலிலே நஞ்சை உண்டாக்கி உடலைத் தளர்த்தி விடும் என்று இன்று தெரிந்துள்ளது. ஆதலின் ஒரு வயது வரை தேன் வேண்டாம். பெரியவர் மனம் நோகாமல் இதனைச் செய்ய வழியுண்டு: அவர் பிள்ளையை மடியில் வைத்து ஓதி, காதில் பாங்கு சொல்லி, நெற்றியில் முத்தமிடட்டும். பிள்ளையின் வாய்க்குள் முதலிற் செல்வது தாயின் முதற்பாலாக இருக்கட்டும். மஞ்சளாகத் தடித்திருக்கும் அப்பாலைப் பிழிந்து ஊற்றிய காலம் ஒன்று இருந்தது. நோயை எதிர்க்கும் பொருள்கள் செறிந்தது அதுவே; பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் அதனை ஊட்ட வேண்டும்.

இரண்டாவது கை சாம்பிராணித் தட்டைக் கொண்டு வரும். குளிப்பாட்டிய பிள்ளையைப் புகையின் மேல் பிடிப்பது மணத்துக்காகவும் குளிர் போக்குவதற்காகவும் செய்யப்படுகிறது. பச்சிளங் குழந்தையின் நுரையீரலுக்குப் புகை பகை. மூன்றாவது கை கண்ணுக்குச் சுர்மா தீட்ட வரும். சந்தையில் விற்கப்படும் சுர்மாவிற் சிலவற்றில் ஈயம் உண்டு, அது மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. தொப்புளின் மேல் சாம்பலோ மஞ்சளோ எண்ணெயோ எதுவுமே வேண்டியதில்லை. காய்ந்து தானே விழும். வசம்பு மணியைக் கையில் கட்டுவதால் பெருங் கேடில்லை எனினும், அது வாய்க்குள் போகும் அளவு தளர்ந்ததா என்று பார்க்க வேண்டும். கழுத்தில் நூல் கட்டுதல் மட்டும் ஒருபோதும் ஆகாது.

செங்கமாரியை இவ்வூர்களில் இலேசாக எண்ணுகின்றனர். பிறந்த மூன்றாம் நாளளவில் தோன்றிச் சில நாட்களில் மறையும் மஞ்சள் பெரும்பாலும் தீங்கற்றது. ஆனால் பிறந்த முதல் நாளிலேயே தோன்றினாலும், உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவினாலும், பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலும் அன்றே வைத்தியசாலை செல்ல வேண்டும். காலை வெயிலில் கிடத்துவதோ பச்சிலைச் சாறு தீட்டுவதோ அதற்கு மருந்தாகா. அளவு கடந்த செங்கமாரி செவிப்புலனையும் மூளையையும் பாதித்த பிள்ளைகள் பின்னர் வகுப்பறையில் வந்து அமரும்போது, ஆசிரியரின் குரல் அவர்களுக்கு எட்டுவதில்லை. பால் குடிக்க மறுத்தல், விரைந்த மூச்சு, உடல் கொதித்தல் அல்லது குளிர்ந்து போதல், வலிப்பு, தொப்புளைச் சுற்றிச் சிவத்தல் என்பனவும் முதல் மாதத்தில் உடனே காட்ட வேண்டியவை.

நாற்பது நாளும் தாயைப் பேணும் முறையில் இவ்வூர்ப் பெரியம்மாமாரை மிஞ்சியவர் இல்லை. அரைத்தெடுத்த காயச் சரக்கும், மிளகும் உள்ளியும் சேர்ந்த பத்தியக் கறியும், பால் சுரக்குமென்று சமைக்கும் பால்சுறாவும் உணவாக நல்லவை, தொடரட்டும். தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும் என்று தாகத்தோடு வைப்பது மட்டும் தவறு. பாலூட்டும் தாய் தாகம் தீரக் குடிக்க வேண்டும். குருதிப்போக்கு மீண்டும் அதிகரித்தல், துர்நாற்றம், காய்ச்சல், காலில் ஒரு பக்கம் வீங்கி வலித்தல் ஆகியவை இந்நாற்பது நாளில் ஆபத்தின் அடையாளங்கள். பிள்ளை பெற்ற சில நாட்களில் காரணமின்றிக் கண் கலங்குவது பலருக்கும் நிகழ்வது. அது இரண்டு கிழமைக்கு மேல் நீடித்து, உறக்கமும் உணவும் கெட்டு, பிள்ளையைப் பார்க்கவே மனமில்லாது போனால், அதனைச் சோம்பல் என்றும் நன்றிகெட்டதனம் என்றும் ஏசாது மருத்துவ மாதிடம் கூற வேண்டும். அது ஒரு நோய், மருந்தும் உண்டு. பிறந்து பத்து நாட்களுக்குள் அவர் இருமுறை வீட்டுக்கு வர வேண்டியவர். வராவிடின் அழைத்துக் கொள்ளலாம்.

ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பாலே போதும், தண்ணீரும் வேண்டாம். 2016ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு எண்பத்திரண்டு பேர் தாய்ப்பால் ஒன்றையே உண்டனர். உலகின் பல செல்வ நாடுகள் இதனைக் கண்டு வியக்கும். அல்குர்ஆன் இரண்டாண்டுக் காலப் பாலூட்டலைக் குறிப்பிடுவதை இவ்வூர்த் தாய்மார் அறிவர். எனவே சூப்பிப் போத்தலும் மாப்பாலும் நாகரிகத்தின் அடையாளமென்று எண்ணுபவரைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆறு மாதம் நிறைந்ததும் நன்கு குழையப் பிசைந்த சோற்றோடு பருப்பு, கீரை, சிறிது தேங்காய்ப்பால், பின்னர் முள் நீக்கிய மீன், முட்டை என ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். நீராகக் கரைத்த கஞ்சியில் வயிறு நிரம்புமேயன்றி உடல் வளராது. கரண்டியிலிருந்து வழியாத பதமே சரியான பதம்.

பிள்ளை தவழத் தொடங்கினால் வீட்டை நிலத்திலிருந்து பார்க்க வேண்டும். அக்கரைப்பற்றுப் பகுதி வேளாண்மை செய்யும் பகுதி. பயிருக்குத் தெளிக்கும் கிருமிநாசினி பல வீடுகளில் கட்டிலின் கீழும் அடுப்பங்கரை மூலையிலும் வைக்கப்படுகின்றது. மண்ணெண்ணெயோ சோடாப் போத்தலில் வைக்கப்படுகின்றது. சோடாவென்று எண்ணிப் பிள்ளை குடித்தால் அப்பிழை பிள்ளையுடையதன்று. பூட்டக்கூடிய பெட்டி ஒன்றை வளவின் ஒரு கோடியில் வைத்தால் தீர்ந்தது. தவறிக் குடித்துவிட்டாலோ, வாந்தி எடுக்கச் செய்யாது, போத்தலையும் கையோடு கொண்டு வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். கட்டு இல்லாத கிணற்றுக்கு மூடி வேண்டும். ஓர் அடி நீர் உள்ள வாளியும் தவழும் பிள்ளைக்குக் கிணறுதான். கச்சானும் விதையுள்ள பழங்களும் சிறு பிள்ளையின் கைக்கு எட்டலாகாது; மூச்சுக் குழலை அடைத்து விடும்.

வயிற்றோட்டம் கண்டால் உணவை நிறுத்துவது இன்றும் காணப்படும் பெருந்தவறு. ஜீவனிப் பொதியொன்றை, கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் முழுவதுமாகக் கரைத்து, சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். கரைத்தது இருபத்து நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. தாய்ப்பாலும் கஞ்சியும் தொடரட்டும். கண் குழிந்தால், சலம் போகாவிடில், இரத்தம் கலந்து போனால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் ஒன்றே, அதுவும் நிறைக்கேற்ற அளவில். மாரி காலத்தில் நுளம்பும் டெங்கும் பெருகுவதால் அஸ்பிரின் முதலியவற்றைத் தொடவே வேண்டாம். காய்ச்சல் விட்ட பின் பிள்ளை சோர்ந்து, வயிறு வலித்து, கைகால் குளிர்ந்தால் டெங்கு ஆபத்தான கட்டத்தை அடைந்தது என்று பொருள். காய்ச்சல் விட்டதென்று மகிழ்ந்திருப்பதற்கான நேரம் அதுவன்று.

வீட்டிலே மூத்தம்மா இருப்பது பிள்ளையின் மொழிக்கும் பெருஞ் செல்வம். கிழக்கிலங்கை முஸ்லிம் பெண்களின் வாயில் வழங்கிய தாலாட்டும் கவியும் அவரோடு போய்விடலாகாது. பேச்சுக் கேட்டு வளர்ந்த பிள்ளை ஐந்து வயதில் வகுப்பறைக்கு வரும்போது ஆயிரக்கணக்கான சொற்களோடு வருகின்றது. கைத்தொலைபேசியைக் காட்டிச் சோறூட்டிய பிள்ளை ஆசிரியரின் முகத்தைப் பார்க்கவே தயங்குகின்றது. இரண்டு வயது வரை அக்கருவியைப் பிள்ளைக்குக் காட்டாதிருப்பது நலம். வாப்பா வெளிநாட்டில் இருந்தால், அவர் குரலைக் கேட்பதற்காக மட்டும் விதிவிலக்குச் செய்யலாம்.

தடுப்பூசிகளை விரித்துரைக்க வேண்டியதில்லை. பிறந்தவுடன் சயரோகத்துக்கு, பின் 2, 4, 6, 9, 12, 18 ஆம் மாதங்களில், பின்னர் மூன்று வயதிலும் ஐந்து வயதிலும் என அவை பதிவேட்டிலேயே அச்சிடப்பட்டுள்ளன. இவ்வூசிகளால் 1993ஆம் ஆண்டுக்குப் பின் இலங்கையில் இளம்பிள்ளை வாதம் தோன்றவில்லை. சின்னமுத்து அகற்றப்பட்ட நாடென 2019ஆம் ஆண்டில் இலங்கை அறிவிக்கப்பட்டது. ஆனால் 2023ஆம் ஆண்டில் அது மீண்டும் தலைகாட்டியபோது, ஊசி பெறாதோரும் ஊசிக்குரிய வயதை அடையாத சிசுக்களும் அதிகம் பாதிக்கப்பட்டனர். ஒரு வீட்டின் மறதிக்கு அடுத்த வீட்டுத் தொட்டில் விலை கொடுக்கின்றது. ஊசி போட்ட இரவு சிறிது காய்ச்சல் வருவது இயல்பு; அதற்காக அடுத்த ஊசியைத் தவிர்த்தலாகாது.

ஊசியும் நிறையும் குறிக்கப்படும் சிறுவர் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டைப் பற்றி ஒன்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் புகுந்தபோது அம்பாறைக் கரையோரத்து வீடுகளோடு எத்தனையோ ஆவணங்களும் போயின. ஆண்டுதோறும் வரும் வெள்ளமும் பெட்டியின் அடித்தட்டைத்தான் முதலில் நனைக்கின்றது. பதிவேட்டை நீர் புகாத உறையிலிட்டு, பிறப்பத்தாட்சிப் பத்திரத்தோடு உயரமான இடத்தில் வைத்து, அதன் பக்கங்களைத் தொலைபேசியில் படமாகவும் எடுத்துக்கொள்ள வேண்டும். முதலாம் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்கும் காலத்தில் ஐந்து வயது ஊசி குறிக்கப்பட்டுள்ளதா என்று அதில் பார்க்கலாம். ஆறாம் வகுப்பில் பெண் பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி பாடசாலையிலேயே போடப்படுகின்றது. அதற்கும் அடுத்த ஆண்டு வரும் ஏற்புவலி ஊசிக்கும் பெற்றோர் அதே பதிவேட்டைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்ப வேண்டும்.